அவள் ஓட்டிய வேகம்

பிப்ரவரி 11, செவ்வாய்

வேலை முடிந்து வந்தபோது அத்தை வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஆகியிருந்தால்தான் அப்படி நிற்பார்.

"தம்பி, அவ கம்ப்யூட்டர் நின்னு போச்சு. மத்தியானத்துல இருந்து சத்தமே இல்ல. வீடு ஒரு மாதிரி இருக்கு."

அவள் இறந்து நாலு மாதம். இன்னும் அதை நாங்கள் அணைக்கவில்லை. அப்படி விட வேண்டும் என்று யாரும் முடிவு செய்ததும் இல்லை. அவளைப் பெற்றவர் அணைப்பார் என்று நான் இருந்தேன், கட்டியவன் அணைப்பான் என்று அத்தை இருந்தார். வேலை எதுவும் இல்லாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பொத்தானை அழுத்தினேன். விளக்குகூட எரியவில்லை. கருகிய வாடை. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் கிராஃபிக்ஸ் கார்டின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது. விழவும் இல்லை, காயவும் இல்லை.

அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார்: "பிழைக்குமா?"

"பாக்கணும்."

ஆஸ்பத்திரியிலும் இதே கேள்விதான், இதே பதில்தான். பதில் சொன்ன ஆள் மட்டும் வேறு.

பிப்ரவரி 12, புதன்

அத்தையிடம் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது வழக்கம் போல "தண்ணி ஊத்தவா தம்பி?" என்று டம்ளரை நிரப்பி வைத்தார். குடித்தேன்.

பிப்ரவரி 15, சனி

முழுசாகப் பிரித்தேன். சாப்பாட்டு மேஜை மேல் பழைய பெட்ஷீட்டை விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தேன்.

அவள் வேலை கட்டாத வீடுகளுக்குப் படம் போடுவது. கட்டிடக் கம்பெனிகள் பிளானை அனுப்பும். ஜன்னலில் வெயில் விழுவதிலிருந்து திரைச்சீலை ஆடுவது வரை இவள் செய்து கொடுப்பாள். அதற்காகத் தானே பார்த்துப் பார்த்துச் சேர்த்த மெஷின். தயாரித்தவன் வைத்துக் கொடுத்த வேகத்தில் அவளுக்குத் திருப்தி கிடையாது, அதற்கு மேல் ஏற்றித்தான் ஓட்டுவாள். அந்தச் சூட்டுக்கு ஃபேன் மட்டும் போதாது. அதனால் உள்ளே ஒரு கண்ணாடிக் குடுவை, ஒரு சின்ன பம்ப், குழாய்கள், நீலத் தண்ணீர். குடுவையில் அளவு குறைந்தால் கோடு வரைக்கும் ஊற்றுவாள். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர், அதோடு நாலு சொட்டு மருந்து.

இன்று குடுவையில் இருந்தது நீலம் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. மூடியைத் தொட்டதும் கையோடு வந்தது.

வழிந்த தடம் தெரிந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மதர்போர்டு மேல் பரவி, அங்கே பச்சை பூத்திருந்தது. போர்டு போச்சு. கார்டைக் கழுவிப் பார்க்கலாம். பிராசசர் — தெரியாது.

"அத்தை, யாராவது இதுக்குள்ள தண்ணி ஊத்தினீங்களா?"

"யாராவதுன்னா? திருடன் வந்து தண்ணி ஊத்திட்டா போவான்? நான்தான். கோட்டுக்குக் கீழ போயிடுச்சு. அவ ஊத்துவா, நானும் ஊத்தினேன்."

"எந்தத் தண்ணி?"

அவருக்குச் சுருக்கென்றது. "நல்ல தண்ணிதான். குழாயில பிடிச்சு, கொதிக்க வச்சு, ஆற வச்சு ஊத்தினேன். நாம குடிக்கிறது. அதுக்கு மட்டும் அழுக்குத் தண்ணியா ஊத்துவேன்?"

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு சாகாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். நாலு சுற்றுத் திருக வேண்டிய மூடியை அவர் ஒரு சுற்றோடு விட்டிருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லவில்லை. சரி என்றேன். சொன்னால் பேச வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மச்சான் போன் செய்தார். அவளுடைய அண்ணன். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர். அவள் இறந்த வாரத்தில் வந்தவர், அதற்கப்புறம் இன்றுதான் குரல்.

"மாப்ள, அந்த மெஷினை நீ வச்சு என்ன பண்ணப் போற? எனக்கு ஒரு கல்யாணப் படம் மெஷின்ல இருந்து வெளிய வர ரெண்டு நாள் ஆகுது. அவ மெஷின்ல மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிரும்னு சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவா."

"அது செத்துப் போச்சு மச்சான்."

"மெஷினைச் சொல்றியா?"

"மெஷினைத்தான்."

"அப்பா, பயந்துட்டேன். சரி பண்ணு மாப்ள, உனக்குத் தெரியாததா? ஆனா ஒண்ணு. அவ ஓட்டின வேகத்துல ஓடணும். அஞ்சு புள்ளி ஏழு கிகாஹெர்ட்ஸ்னு பீத்திக்குவா. அது இருந்தா எனக்கு வேணும். சும்மா கடையில கிடைக்கிற வேகம்னா எனக்கு எதுக்கு?"

நான் கேட்டேன்: "அத்தை?"

"யாரு? அம்மாவா?" யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "அம்மாவையும் கூட்டிட்டு வந்திடறேன் மாப்ள. மெஷின் ரெடியாகட்டும், ஒரே ட்ரிப்ல முடிச்சிரலாம்."

அவர் வாயில் அம்மா என்ற சொல் இன்றைக்கு அப்போதுதான் வந்தது. அதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் என் அக்கா. மச்சான் அவளிடமும் பேசியிருக்கிறார்.

"டேய், வழி கிடைச்சிருக்கு, புத்தியோட பிழைச்சுக்கோ. உனக்கு என்ன வயசாயிடுச்சு? நாளைக்கு ஒரு பொண்ணு பாக்கப் போனா வீட்ல யாரெல்லாம் இருக்காங்கன்னு கேப்பாங்க. செத்துப்போன பொண்டாட்டியோட அம்மான்னு சொல்வியா? அதுக்கு ஒரு உறவுப் பேரே கிடையாதுடா."

அது சரிதான். நான் தேடிப் பார்த்தேன். அத்தை என்றுதான் இன்னும் கூப்பிடுகிறேன். யார் வழியில் அத்தை?

ஆக, அந்த மெஷின் அவள் வேகத்தில் ஓடினால் அத்தை போவார். இவ்வளவு தெளிவாக எங்கள் தொழிற்சாலையில்கூட யாரும் நிபந்தனை எழுதியதில்லை. அங்கே என் வேலை புது போர்டுகளைச் சூட்டு அறையில் போட்டு எது தாங்காது என்று பார்ப்பது. தாங்கினால் 'தேறியது' முத்திரை, வண்டியேற்றம்.

அத்தையிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, புதன்

அதே மாடல் போர்டு, பழசு ஒன்று கிடைத்தது. பார்ட்ஸ் கடைக்காரரை எல்லோரும் டாக்டர் என்பார்கள், அவரும் வருகிற சாமான்களைப் பேஷண்ட் என்பார். செத்த போர்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"குழாய்த் தண்ணியா? யாரு சார் இந்த வேலை பார்த்தது? மேடம் இருக்கும்போதா?"

இதில் இருந்த செட்டிங்கை எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவள் தன் கணக்குகளை எல்லாம் அந்தப் போர்டுக்குள்தான் சேமித்திருந்தாள். எந்த வேகத்துக்கு எத்தனை வோல்டேஜ் என்று தாளில் எழுதும் பழக்கமே அவளுக்குக் கிடையாது.

"முடியாது சார், மூளை வெந்து போச்சு. மேடம்கிட்டயே கேளுங்களேன், மனப்பாடமா சொல்வாங்க."

"கேக்க முடியாது."

"ஊர்ல இல்லியா?"

"இல்ல."

"வந்தா சொல்லுங்க. அவங்க கேட்டிருந்த ஃபேன் வந்திருக்கு. சத்தமே வராதது. ஆறு மாசமா நச்சரிச்சாங்க."

அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 22, சனி

இன்று பூட்டினோம். 'னோம்' தான். அத்தை கூப்பிடாமலே வந்து எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டார். மகள் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழக்கம். எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

பிராசசர் மேல் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் வைத்தேன்.

"இவ்ளோவா? பல்லு விளக்கவா போகுது அது? அவ குட்டியூண்டுதான் வைப்பா."

துடைத்துவிட்டுக் குறைத்து வைத்தேன்.

முன்பக்கப் பொத்தானின் ஒயர்கள் மயிரிழை மாதிரி இருக்கும். என் விரல் உள்ளே போகவில்லை. அத்தை டார்ச்சை என் கையில் திணித்துவிட்டு, "தள்ளுங்க" என்று தானே செருகினார். மூன்றில் ஒன்று தப்பு. புது ஃபேனையும் திருப்பி மாட்டச் சொல்லி அடம்பிடித்தார். அதுவும் தப்பு. காட்டினேன்.

"சரி விடுங்க, எனக்கென்ன சர்டிபிகேட்டா இருக்கு?" சிரித்தார். நாலு மாதத்தில் இந்த வீட்டில் யாரும் சிரித்துக் கேட்டதில்லை, அதனால் கையில் இருந்த திருகு விழுந்துவிட்டது. இருவரும் மேஜைக்கடியில் குனிந்து தேடினோம்.

கீழே இருந்தபடியே அத்தை சொன்னார்: "தம்பி, நீங்க இதைத் தூக்கிப் போட்டுடுவீங்கன்னுதான் நினைச்சேன். அவ பொருளை இப்படி உக்காந்து சரி பண்றீங்களே... நல்லா இருப்பீங்க."

திருகு கிடைத்தது. பூட்டினேன். இறுக்கமாகவே பூட்டினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பேட்டரித் தண்ணீரில் நாலு சொட்டு நீல மருந்து விட்டு ஊற்றி, கீழே டிஷ்யூ பேப்பர் பரப்பி, காலையெல்லாம் பம்பை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒழுக்கு இல்லை. மதியம் மொத்தமாக ஆன் செய்தேன். எல்லா விளக்கும் எரிந்தது. பிராசசர் பிழைத்திருக்கிறது, கார்டும்.

அத்தை மெஷினுக்குப் பின்பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார். அது அவர் இடம். அவள் வேலை செய்யும்போது பின்னால் வரும் சூட்டுக் காற்றில் பாதத்தைக் காட்டிக்கொண்டு காய்கறி நறுக்குவார். மூட்டுவலிக்கு அது இதம்.

"சூடே வரலியே தம்பி?"

"இது சாதாரண வேகம் அத்தை. அவ வேகம் இன்னும் வரல."

"அப்ப வர வைங்க."

வர வைக்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

ஐந்து புள்ளி நாலு ஓடியது. புள்ளி ஐந்து ஓடியது. புள்ளி ஆறில் விழுந்துவிட்டது.

ஒரே மாடல் சிப் என்றாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் கேட்கும் என்பது அதோடு பழகியவர்களுக்குத்தான் தெரியும். குறைத்துக் கொடுத்தால் விழும், கூட்டிக் கொடுத்தால் சூடேறும். நான் காலையில் கடினமான கணக்கு ஒன்றைக் கொடுத்து ஓடவிட்டு வேலைக்குப் போகிறேன். நான் திரும்பும் வரை ஓடிக்கொண்டிருந்தால் தேறியது.

நின்றால் போன் செய்யும்படி அத்தையிடம் சொல்லியிருந்தேன். மீட்டிங்கில் இருக்கும்போது செய்தார். ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

"தம்பி, செத்துடுச்சு!"

மேஜையைச் சுற்றி அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் எழுந்தேவிட்டார். கம்ப்யூட்டர் சார், கம்ப்யூட்டர் என்றேன். யாரோ மூக்கால் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். எப்படி என்று நினைவில்லை.

மார்ச் 1, சனி

புள்ளி ஏழில் ஒரு தடவைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வோல்டேஜைக் கூட்டினேன். மறுபடி கூட்டினேன். அவள் இருந்தால் கையில் ஒன்று போட்டிருப்பாள். "கெஞ்சிக் கேளு, தரும். அதட்டினா இன்னைக்குத் தரும், அப்புறம் பழிவாங்கும்" என்பாள். அதிக வோல்டேஜ் சிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அது எனக்கும் தெரியும். அதைத் தின்னவிட்டுப் பார்ப்பதுதானே என் சம்பளம்.

அதட்டினேன். அதற்கும் தாங்கவில்லை. சூடு மட்டும் ஏறுகிறது, இருக்க வேண்டியதை விட மேலே.

மச்சான் மெசேஜ்: "என்னாச்சு மாப்ள? ரெண்டு ஆர்டர் பிடிச்சுட்டேன், அதை நம்பி." அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. மெஷின் எப்படி இருக்கிறது என்று மூன்று கேள்விக்குறி.

மார்ச் 4, செவ்வாய்

லீவு போட்டேன். சூடு ஏன் ஏறுகிறது என்று பார்க்க, பிராசசர் மேல் உட்காரும் செம்புத் துண்டைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் ஓடும் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஒரு படலம். முன்னால் மேலாகக் கழுவியதில் போகவில்லை. பழைய தண்ணீரின் உப்பு.

அந்த நேரம் பார்த்து அத்தை டம்ளரோடு வந்தார். "காலையில இருந்து ஒண்ணும் குடிக்கல நீங்க. என்னது அது, வெள்ளையா?"

"உப்பு."

"உப்பா? அது எப்படி உள்ள போச்சு?"

"நீங்க ஊத்தின தண்ணியில. மெஷினைக் கொன்னது நீங்கதான் அத்தை."

டம்ளரோடு நின்றார். "நானா?"

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சத்தம்கூடப் போடவில்லை, அதுதான் — ரிப்போர்ட் படிப்பது போலப் படித்தேன்.

"நீங்கதான். அன்னைக்கு அவ இந்த நாற்காலியில தலை கவுந்து கிடந்தா. நீங்க வந்து பார்த்தீங்க. பார்த்துட்டுக் கதவைச் சாத்திட்டுப் போனீங்க. மத்தியானம் பூரா அவ உள்ள செத்துக்கிட்டிருந்தா, நீங்க வெளிய டிவி சத்தத்தைக் குறைச்சு வச்சுட்டு உக்காந்திருந்தீங்க."

"தூங்கறான்னு நினைச்சேன்."

"நினைப்பீங்க. அவ தூங்கறான்னு நினைச்சீங்க, இதுக்குத் தாகம்னு நினைச்சீங்க. நீங்க ஒவ்வொண்ணு நினைக்கும்போதும் இந்த வீட்ல ஒண்ணு போகுது."

அத்தை முகம் மாறவில்லை. கோபம் வந்தால் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட மாட்டார்.

"மாப்பிள்ளை, உங்க வேலை என்னன்னு எம்பொண்ணு சொல்லியிருக்கா. எது தாங்காதுன்னு முன்னாடியே கண்டுபிடிக்கிற வேலை. ஒரு வாரமா தலை வலிக்குது, தலை வலிக்குதுன்னு இந்த மேஜையில உங்களுக்கு எதிர்லதானே சொன்னா? நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?"

டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அவள் கிடந்த அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது அறை அடுப்பு மாதிரி இருந்தது. திரையில் அவள் கொடுத்த வேலை முடிந்து ஒரு வரவேற்பறை நின்றது. ஜன்னலில் வெயில். மெஷின் ஒரு தடவைகூட நிற்காமல் முடித்திருந்தது.

மார்ச் 5, புதன்

டம்ளர் காலியாக இருந்தது. நானே எழுந்து ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

செம்பை வினிகரில் ஊற வைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது. மறுபடி பூட்ட உட்கார்ந்தேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், ஒயரைப் பிடிக்கக் கை இல்லை. டார்ச்சை யாரோ வாங்கினார்கள். அத்தை. நிமிர்ந்து பார்க்கவில்லை நான்.

வெளிச்சம் சரியாக விழுந்தது. பாதி வேலையில் சொன்னார்:

"உங்க அக்கா போன் பண்ணாங்க, நீங்க குளிச்சுக்கிட்டிருந்தப்ப. எப்பக் கிளம்பறீங்கன்னு என்னையே கேட்டாங்க. நான் எங்கன்னு கேட்டேன். பாவம், திணறிப் போயிட்டாங்க."

என் கை நின்றது.

"மெஷின் ஓடினா நானும் கிளம்பணுமாமே? கூடவே வர்ற சாமானாம். அடாப்டர், ஒயர் மாதிரி."

"அத்தை—"

"என்னை அனுப்ப இவ்ளோ கஷ்டப்படணுமா மாப்பிள்ளை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பஸ் ஏறிப் போயிருப்பேனே. உங்களுக்கும் முதுகு வலி மிச்சம்."

ஒயரை விரலில் சுற்றினேன், அவிழ்த்தேன்.

"அந்த ஒயரைச் செருகுங்க. கை வலிக்குது எனக்கு" என்றார்.

செருகினேன். கடைசித் திருகு வரை டார்ச் அசையவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

தேறியது.

வோல்டேஜை ஏற்றி ஏற்றிப் பார்த்த முட்டாள்தனத்தை விட்டு, இறக்கிக்கொண்டே வந்தேன். சுத்தமான செம்பு, சுத்தமான தண்ணீர். ஒரு இடத்தில், நான் நம்பவே மாட்டேன் என்கிற அளவு குறைந்த இடத்தில், ஐந்து புள்ளி ஏழு விழாமல் ஓடியது. கெஞ்சிக் கேளு என்று சொன்னது இதைத்தான். காலையில் விட்டுப் போனேன், மாலையில் வந்தேன், ஓடிக்கொண்டிருந்தது. போன் வரவில்லை.

அறைக்குள் அதே சூடு. அத்தை மெஷினுக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்தார், பாதத்தை நீட்டிக்கொண்டு. பை ஒன்று மடியில். துணிகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஓடுது" என்றார், திரும்பாமல்.

"ஆமா."

மச்சானுக்குப் போன் செய்தேன். ஞாயிறு வருகிறார்.

மார்ச் 16, ஞாயிறு

வந்தார். காரை வாசலில் அணைக்காமலே இறங்கினார். அறைக்குள் போய் மெஷினைப் பார்த்துத்தான், "இருக்கியா மாப்ள?" என்றார். அத்தை ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த புடவை, காலடியில் பை, மருந்துப் பொட்டலம் தனியாக.

"ஓட்டிக் காட்டு."

காட்டினேன். ஐந்து புள்ளி ஏழு. விசிலடித்தார்.

"மச்சான், தண்ணியை வடிச்சுட்டுத்தான் வண்டியில ஏத்தணும். அங்க போய் நல்ல தண்ணி ஊத்திக்கலாம்." ட்யூபும் பாட்டிலும் எடுத்து வைத்திருந்தேன்.

"அட அதுக்கெல்லாம் நேரம் இல்ல மாப்ள. அப்படியே தூக்கு. நாளைக்கு வேலை ஆரம்பிக்கணும்."

பின் சீட்டில் பாதியை மெஷினுக்கு ஒதுக்கினார். மானிட்டர் அதன் பக்கத்தில். அவள் நாற்காலியையும் கேட்டார். கொடுத்தேன். டிக்கியில் போகாமல் முன் சீட்டைச் சாய்த்து அதை நுழைத்துப் பார்த்தார், நுழைந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்தபோதுதான் ஹாலில் பையோடு எழுந்து நிற்கிற அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா... இடம் இல்லியேம்மா. அடுத்த ட்ரிப்புக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். மாப்ள பார்த்துக்குவான், என்ன மாப்ள?"

மெஷின் மட்டும் இன்னும் மேஜை மேல் இருந்தது. அதைத்தான் கடைசியில் தூக்க வேண்டும்.

அத்தை பையைக் கீழே வைத்தார். அவசரமே இல்லை. சமையலறைக்குப் போனார். ஆற வைத்த தண்ணீர் ஜக்கோடு வந்தார்.

"இருடா, கோட்டுக்குக் கீழ இருக்கு. வழியில சூடாயிடப் போகுது. உன் தங்கச்சி எப்பவும் கோடு வரைக்கும் வச்சிருப்பா."

"ஊத்தும்மா, ஊத்து. சீக்கிரம்" என்றார் மச்சான், போனைப் பார்த்துக்கொண்டே.

தண்ணீர் கோட்டில்தான் இருந்தது. நேற்று நானே பார்த்து வைத்தது.

பக்கவாட்டுக் கண்ணாடியை எடுத்துவிட்டுக் குடுவையின் மூடியைக் கழற்றினார். ஜக்கைச் சாய்க்கும் முன்னால் ஒரு தடவை என்னைப் பார்த்தார். நினைத்துக்கொள்ளும் முகம் இல்லை அது. தெரிந்தே செய்கிற முகம்.

தேறாத எதையும் நான் வண்டியேற்றியதில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒன்றுகூட.

தண்ணீர் வடிக்க வைத்திருந்த ட்யூபை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஊற்றினார். கோட்டைத் தாண்டி, கழுத்து வரைக்கும். நீலம் வெளுத்தது. மூடி மேஜையில் உருண்டு என் பக்கம் வந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வைத்தார். ஒரு சுற்று. கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"தூக்குங்க" என்றார், எங்கள் இருவரையும் பார்த்து.

தூக்கினோம். முகம் படுமளவு அணைத்துப் பிடித்துத்தான் படியிறக்க முடிந்தது. தகடு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதில் ஒரு நொடி — நிறுத்துங்க மச்சான்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. வந்துச்சு. அவர் "மெதுவா மாப்ள, என் ரெண்டு ஆர்டர் அதுல இருக்கு" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

கார் தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி ஏறியதை ஜன்னலிலிருந்து பார்த்தோம். அத்தை தன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மார்ச் 17, திங்கள்

அவள் வோல்டேஜ் எனக்கு மனப்பாடம். இனி அதை எந்த மெஷினிலும் போட முடியாது.

மார்ச் 23, ஞாயிறு

அறை காலி. மெஷின் இருந்த இடத்தில் மேஜை மேல் தூசி இல்லாத ஒரு செவ்வகம். அத்தை தன் கட்டிலை அந்த அறையில் போடச் சொன்னார். இழுத்துப் போட்டேன். கடையிலிருந்து ஒரு சின்ன ஹீட்டர் வாங்கி வந்து அவர் கால் பக்கம் வைத்தேன். "இது என்ன, எருமை மூச்சு விடற மாதிரி" என்றார். அணைக்கவில்லை.

அக்காவுக்குப் போன் செய்து, பெண் பார்ப்பதாக இருந்தால் வீட்டில் அத்தை இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் பார் என்றேன். எந்த அத்தை என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது மச்சான்.

"மாப்ள, போச்சு! திடீர்னு வெளியூர் வேலை வந்து ஒரு வாரம் போயிடுச்சு, இன்னைக்குத்தான் ஆன் பண்ணேன். பட்டுன்னு ஒரு சத்தம். கார்டு, போர்டு எல்லாம் ஈரம். அம்மா தண்ணி ஊத்தினாங்களே, நீ பார்த்துக்கிட்டுத்தானே நின்ன?"

"பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அவர் என்னென்னவோ சொன்னார். நாங்கள் இருவரும் சேர்ந்து, வேண்டுமென்றே, பெற்ற தாயா அது — முழுசாகக் கேட்டேன். அவரே வைத்தார்.

"யாரு?" என்றார் அத்தை.

"மச்சான்."

"என்னவாம்?"

"செத்துடுச்சாம்."

வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "மெஷினைத்தானே சொல்றீங்க?"

"மெஷினைத்தான்."

தட்டில் மீதிச் சோற்றைப் பிசைந்தார். நானும். உள்ளே ஹீட்டர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய பொருள் என்று இந்த வீட்டில் இனி ஓடுவது எதுவும் இல்லை. நாங்கள்தான் இருக்கிறோம்.

அப்புறம் அத்தை எழுந்து ஜக்கை எடுத்தார்.

"தண்ணி ஊத்தவா தம்பி?"

டம்ளரை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.